எரவாடா மைதானத்து அஞ்சல் விமானங்கள்

பாடம் 7 – உரைநடை

நுழையும் முன்

கராடியில் வாழும் நமக்கு விமானம் புதிதன்று. லோஹேகாவ் நிலையத்திற்கு வந்து செல்லும் பயணிகள் விமானங்களும் விமானப்படையின் போர் விமானங்களும் நாள்தோறும் நம் கண்ணிற்படுகின்றன. பல வேளைகளில் அவற்றின் ஒலி கேட்டு நாம் தலை நிமிர்வதுகூட இல்லை. ஆனால், நகர் சாலையில் மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் வரும் எரவாடாவில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், திறந்த மைதானம் ஒன்றில் சிறு விமானங்கள் இறங்கி ஏறின. துணி போர்த்திய சிறகுகளை உடைய அவை, சென்னைக்குச் செல்லும் அஞ்சல் பைகளைச் சுமந்தன. ஒற்றைப் பொறி கொண்ட அச்சிறு விமானங்கள் அவ்வளவு தொலைவை எவ்வாறு கடந்தன? இப்பாடத்தில் அறிவோம்.

கராச்சியில் நின்ற கடிதங்கள்

1929ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வரும் விமான அஞ்சல் கராச்சி வரைதான் வந்தது. அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் உரிய கடிதங்கள் புகைவண்டியில் பயணம் செய்தன. கடல்களையும் பாலைகளையும் விரைந்து கடந்த கடிதம், நம் நாட்டிற்குள் வந்தபின் மெல்ல நகர்ந்தது.

இக்குறையைப் போக்க இருவர் முன்வந்தனர். ஒருவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1929ஆம் ஆண்டு அவர் பெற்ற விமானி உரிமத்தின் எண் 1. மற்றவர், பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ட். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமான அஞ்சல் கொண்டுசெல்ல இருவரும் திட்டம் வகுத்தனர். அரசின் ஒப்புதலுக்காக நெடுநாள் காத்திருந்து, 1932ஆம் ஆண்டு அதனைப் பெற்றனர்.

துணியும் மரமும்

அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘புஸ் மாத்’ என்னும் சிறு விமானம். எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து அதன் உடற்கூடு அமைக்கப்பட்டிருந்தது. சிறகுகளின் சட்டம் மரத்தால் ஆனது. அனைத்தின்மீதும் துணி இழுத்துப் போர்த்தப்பட்டிருந்தது. முன்புறம் ஏறத்தாழ 120 குதிரைத்திறன் கொண்ட ஒரே பொறி. விமானியுடன் இன்னும் ஓரிருவர் அமரலாம். கொட்டகையில் நிறுத்தும்போது சிறகுகளைப் பின்னோக்கி மடித்து வைக்கலாம்.

இத்தகைய விமானத்தில் எடையே முதற்கணக்கு. எரிபொருளை மிகுதியாக ஏற்றினால் அஞ்சலைக் குறைக்க வேண்டும். அஞ்சலை மிகுதியாக ஏற்றினால் எரிபொருள் குறையும். எனவே நெடும்பயணத்தை ஒரே பாய்ச்சலில் முடிக்க இயலாது. இடையிடையே இறங்கி, எரிபொருள் நிரப்பி, பொறியைச் சரிபார்த்து, மீண்டும் கிளம்ப வேண்டும்.

1932 அக்டோபர் 15

அன்று காலை 6.35 மணிக்குக் கராச்சியின் டிரிக் ரோடு நிலையத்திலிருந்து டாட்டா தாமே விமானத்தை ஓட்டிக் கிளம்பினார். ஏற்றிச் சென்ற அஞ்சலின் எடை ஏறத்தாழ 25 கிலோகிராம். இன்று ஒரு பயணி எடுத்துச் செல்லும் பெட்டியின் எடைதான் அது.

இடையில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெரிய எண்ணெய் வண்டிகள் இல்லை. நான்கு காலன் தகரக்கலன்களில் எரிபொருள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. வானூர்திக்கு மாட்டுவண்டி உணவு கொண்டுவந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்! எரிபொருளை நிரப்பிக்கொண்டு மீண்டும் பறந்த டாட்டா, பிற்பகல் 1.50 மணிக்குப் பம்பாய் ஜூஹூவில் இறங்கினார்.

அஞ்சலின் பயணம் அங்கு முடியவில்லை. சென்னைக்கு உரிய பைகளை ஏற்றிக்கொண்டு வின்சென்ட் மற்றொரு விமானத்தில் புறப்பட்டார். பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். கராச்சியிலிருந்து சென்னை வரையிலான வழி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மிகுதியானது.

காற்றோடு ஒரு கணக்கு

அவ்விமானங்களில் தரையோடு பேசும் கருவி இல்லை. வழிகாட்டும் செயற்கைக்கோள் அக்காலத்தில் உலகிலேயே இல்லை. நிலப்படம், திசைகாட்டி, கடிகாரம், கணக்கிட உதவும் நகரும் அளவுகோல் ஆகியவையே விமானியின் துணைகள். கீழே தெரியும் ஆறும் கடற்கரையும் இருப்புப்பாதையும் அவருக்கு அடையாளங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் என்க. செல்லவேண்டிய தொலைவு 480 கிலோமீட்டர். காற்று இல்லையெனில் மூன்று மணி நேரத்தில் சேரலாம். எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தரைமீது விமானம் முன்னேறும் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டராகக் குறையும். பயணம் நான்கு மணி நேரமாக நீளும். மூன்று மணி நேரத்திற்கு மட்டும் எரிபொருள் கொண்டவரின் நிலை என்னவாகும்?

பக்கவாட்டில் வீசும் காற்றும் எளிதானதன்று. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அது வீச, விமானி அதனைக் கருதாமல் இரண்டு மணி நேரம் பறந்தால், வழியிலிருந்து 50 கிலோமீட்டர் விலகிவிடுவார். ஆகவே, நல்ல விமானி கிளம்புவதற்கு முன்பே கணக்கிடுவார். பறக்கும்போது அடையாளங்களைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவார். வானம் இருண்டால், திரும்பி வரவும் தயங்கமாட்டார். திரும்பி வருதல் தோல்வியன்று. அதுவும் பயணக் கலையின் ஒரு பகுதியே.

சிறைமதிலின் நிழலில்

பம்பாயின் ஜூஹூ நிலையம் கடலோரச் சேற்றுநிலத்தில் இருந்தது. பருவமழை வந்ததும் அது நீரில் மூழ்கியது. அஞ்சலோ காத்திருக்காது. என்ன செய்தனர்? இரண்டு விமானங்கள், மூன்று விமானிகள், மூன்று பொறிவினைஞர்கள் என அந்நிறுவனம் முழுவதும் புனேவிற்குக் குடிபெயர்ந்தது! எரவாடா சிறையின் அருகே இருந்த மைதானமே அவர்களுக்கு விமான நிலையமாயிற்று. 1932 செப்டம்பரில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தது அச்சிறையில்தான்.

மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளை மேகம் மூடிவிடும். மலை எங்கே, வானம் எங்கே எனப் பிரித்தறிவது அரிது. அவ்வழியில் சிறு விமானத்தை ஓட்டுவது உயிரோடு தொடர்புடைய செயல். ஆயினும், முதல் ஓராண்டில் ஒருமுறைகூட அஞ்சல் காலந்தாழ்ந்து சேரவில்லை என அரசின் விமானப் போக்குவரத்துத் துறை தன் அறிக்கையில் பாராட்டியது. 1933ஆம் ஆண்டில் மட்டும் அவ்விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன; 155 பயணிகளையும் 10.71 டன் அஞ்சலையும் சுமந்தன. அச்சிறு நிறுவனமே வளர்ந்து, 1946ஆம் ஆண்டு ‘ஏர் இந்தியா’ எனப் பெயர் பெற்றது.

இவ்வெற்றிக்குக் காரணம் பெரிய பொறியன்று. ஒவ்வொரு முறை இறங்கியபோதும் விமானத்தை விழிப்போடு ஆராய்ந்த கண்களும் கைகளுமே காரணம்.

கையால் செய்த விமானங்கள்

ஓர் ஊர்தியை முழுமையாக அறிய வேண்டுமெனில் அதனைத் தாமே செய்து பார்க்க வேண்டும் என்று எண்ணியவர்களும் உண்டு. அஞ்சல் விமானம் சென்னைக்கு வருவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர், சிம்சன் நிறுவனத்தின் உதவியுடன் ஒரு விமானத்தை உருவாக்கினார். 1910ஆம் ஆண்டு பல்லாவரத்தில் அதனைப் பறக்கவிட்டார்.

நம் மகாராட்டிரத்தைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், மும்பையில் தம் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கைகள் கொண்ட விமானத்தைக் கட்டினார். 2016இல் மும்பைக் கண்காட்சியில் மக்கள் அதனைக் கண்டனர். அடுத்த ஆண்டு அது முறையாகப் பதிவு செய்யப்பட்டது. இங்கிலாந்தில் வாழும் கேரளப் பொறியாளர் ஒருவர், கொரோனா முடக்கக் காலத்தில் உறுப்புகளைத் தொகுதியாக வாங்கி, நான்கு இருக்கை விமானத்தைப் பொருத்தினார். அதற்குத் தம் மகளின் பெயரைச் சூட்டி, குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தார்.

இத்தகைய விமானம் உடனே பறந்துவிட இயலாது. அதனைப் பதிவு செய்ய வேண்டும். வல்லுநர் சோதிக்க வேண்டும். அனுமதி பெற வேண்டும். பல ஆண்டுகள் பொறுத்திருக்கும் மனமும் அதற்கு ஓர் உறுப்பே.

மீண்டும் ஒரு பயணம்

1982 அக்டோபர் 15 அன்று, முதற்பயணம் நிகழ்ந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. அப்போது டாட்டாவின் அகவை 78. பழைய சிறு விமானம் ஒன்றில் அவர் மீண்டும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே பறந்து வந்தார்.

மாணவர்களே, நம்மில் பலரின் தாத்தாவும் பாட்டியும் தமிழ்நாட்டில் வாழ்கின்றனர். இன்று ஒரு நொடியில் அவர்களோடு பேசுகிறோம். அன்று தொலைவில் வாழ்ந்தவர்களுக்குக் கடிதமே குரல். அக்குரல் உரிய நாளில் சென்று சேர வேண்டும் என்பதற்காக, நம் ஊருக்கு அருகிலிருந்த ஒரு மைதானத்தில் மழையிலும் சிலர் விழித்திருந்தனர். அடுத்த முறை எரவாடாவைக் கடக்கும்போது அவர்களை நினைவுகொள்வோம்.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
உந்துபொறி, பொறி – இயந்திரம்
தகரக்கலன் – தகரத்தால் ஆன கொள்கலம்
திசைகாட்டி – திசையை அறிய உதவும் கருவி
பொறிவினைஞர் – இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர்
முகடு – உச்சி

அ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக.

1. இலண்டனிலிருந்து வந்த விமான அஞ்சல் நேரே சென்னையில் இறங்கியது.
2. வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கினார்.
3. பருவமழையில் ஜூஹூ நிலையம் நீரில் மூழ்கியது.
4. டி ஏஞ்செலிஸ் தம் விமானத்தைப் புனேவில் பறக்கவிட்டார்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. புஸ் மாத் விமானத்தின் உடற்கூடும் சிறகுகளும் எவற்றால் ஆனவை?
2. சிறு விமானம் இடையிடையே இறங்க வேண்டியது ஏன்?
3. அஞ்சல் விமானங்கள் எரவாடாவிற்கு வந்த காரணம் யாது?

இ. சிந்தித்து எழுதுக.

1. ‘திரும்பி வருதல் தோல்வியன்று’ – இக்கூற்றை நும் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றோடு பொருத்தி எழுதுக.
2. விமானத்தின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர். 560 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும்?

ஈ. மொழிப்பயிற்சி

பெயரைக் கொண்டு முடியும் எச்சம் பெயரெச்சம். வினையைக் கொண்டு முடியும் எச்சம் வினையெச்சம்.
எடுத்துக்காட்டு: போர்த்திய துணி – பெயரெச்சம், பறந்து வந்தார் – வினையெச்சம்.

பின்வருவனவற்றை வகைப்படுத்துக: நிரப்பிய கலன், இறங்கி நின்றது, மூழ்கிய நிலையம், கணக்கிட்டுப் பறந்தார், மடித்து வைத்தனர்.

உ. செயல்திட்டம்

இந்திய நிலப்படத்தில் கராச்சி இருக்கும் திசையையும், அகமதாபாத், மும்பை, புனே, பெல்லாரி, சென்னை ஆகிய ஊர்களையும் குறித்து, அஞ்சல் விமானம் சென்ற வழியைக் கோட்டால் இணைக்க. பின்னர், ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அவ்வழியைப் பற்றித் தமிழில் ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் அனுப்புக.