கோமாளி மீன் வளர்ப்பு: குஞ்சுக்கு முன்னே தீனி

ஆரஞ்சு நிற உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட கோமாளி மீனுக்கு வண்ண மீன் கடைகளில் நல்ல கிராக்கி உண்டு. 2003-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் படத்தின் நாயகன் இம்மீன்தான் என்பதால், குழந்தைகள் இதை 'நெமோ' என்றே கேட்டு வாங்குகிறார்கள். கடல் வண்ண மீன்களில் வீட்டுத் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை மிகச் சிலவே. அவற்றுள் இது முதன்மையானது. மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இதனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஜோடி சேரும், முட்டையும் இடும், நூற்றுக்கணக்கில் குஞ்சும் பொரிக்கும். மூன்று நான்கு நாட்களில் அத்தனையும் மடிந்து தொட்டியின் அடியில் கிடக்கும். நோய் என்று நினைத்து மருந்தைத் தேடுவார்கள். உண்மையில் அவை பட்டினியால் மடிந்தவை. பொரித்த குஞ்சின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். கடையில் விற்கும் தூள் தீவனம் எதையும் அது தொடாது. உயிருடன் நீந்தும் நுண்ணிய இரையை மட்டுமே அது பிடித்துத் தின்னும். ஆகவே மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இரை வளர்க்கப் பழகிவிட வேண்டும்.

உப்பு நீரில் வாழும் 'ரோட்டிபர்' என்ற நுண்ணுயிரியே அந்த இரை. கண்ணுக்குத் தூசியைப் போலத்தான் தெரியும். மீன் குஞ்சுப் பொரிப்பகங்களில் இதன் வித்தும், இதற்கு உணவாகும் பச்சை நுண்பாசியின் வித்தும் கிடைக்கும். 20 லிட்டர் வாளியில் கடல்நீர் ஊற்றி, மெல்லிய காற்றோட்டம் கொடுத்து, நீர் இளம்பச்சையாக இருக்கும் அளவுக்குப் பாசி சேர்த்து வர வேண்டும். பச்சை நிறம் வெளுத்தால் பசி என்று அறியலாம். ரொட்டி செய்யும் ஈஸ்ட்டையும் சிலர் போடுகிறார்கள். அதில் சத்து குறைவு. அளவு மீறினால் வாளியே நாறிவிடும்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லி நீருக்கு 10 ரோட்டிபர் இருப்பது நல்லது. 25 லிட்டர் நீருக்கு இரண்டரை லட்சம் ஆகிறது. நன்கு பெருகிய வாளியில் மில்லிக்கு 100 இருக்கும். எனவே இரண்டரை லிட்டரை எடுத்து, மிக நுண்ணிய வலைத்துணியில் வடித்து, நல்ல கடல்நீரில் அலசிக் கொடுக்க வேண்டும். வாளி நீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள கழிவும் சேர்ந்து போகும். தினமும் கால்பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. வாளி ஒருநாள் திடீரென்று கெட்டுப்போவதும் உண்டு. அதனால் குறைந்தது மூன்று வாளிகள் வேண்டும். அதில் ஒன்றை விதைநெல்லைப் போலத் தொடாமல் வைத்திருப்பது உத்தமம்.

தாய் மீன்கள்

இம்மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது அதன் ஜோடியாகும். பெண் இறந்துபோனால் அந்த ஆணே பெண்ணாகிவிடும். இதை அறியாமல் பெரிய மீன்களாகப் பார்த்து இரண்டை வாங்கினால், இரண்டும் பெண்ணாக இருந்து சாகும்வரை சண்டையிடக்கூடும். ஒரே இனத்தில் ஐந்தாறு சிறிய மீன்களை ஒன்றாக விட்டு, தாமாக ஜோடி சேர்ந்த பின் மற்றவற்றைப் பிரிப்பதே சிக்கனமான வழி. முட்டையிட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவசரப்படுவோர் சேர்ந்த ஜோடியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம். கடலில் பிடித்ததை விட்டு, பொரிப்பகத்தில் பிறந்ததையே வாங்க வேண்டும். அது தீவனத்துக்குப் பழகியிருக்கும்; பவளப்பாறைக்கும் சேதமில்லை.

ஒரு ஜோடிக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தாராளம். வடிகட்டியை ஓடவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் பதப்படுத்திய பிறகே மீனை விட வேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் அதற்குள்தான் வளரும். வெப்பம் 26 முதல் 29 டிகிரி வரை இருக்கலாம். வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பளத்தில் நடப்பதுபோல உப்பு மட்டும் தங்கிவிடும். ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்யக் கடல்நீர் ஊற்றக்கூடாது. குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். கடலுக்கு வெகுதூரத்தில் இருப்போர் செயற்கைக் கடலுப்பை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். சமையல் உப்பு உதவாது. அந்தச் செலவைப் பார்த்தால், உள்நாட்டு விவசாயிக்கு நன்னீர் வண்ண மீனே மேல்.

கடல் சாமந்தி இல்லாமல் இம்மீன் வளராது என்பது தவறான எண்ணம். ஒரு மண் ஓடு அல்லது பாதி உடைத்த மண்சட்டி போதும், அதன்மேல் முட்டையிடும். பொடியாக நறுக்கிய இறால், மட்டிச்சதை ஆகியவற்றை நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுத்து, மிச்சத்தை உடனே அகற்ற வேண்டும்.

பொரிக்கும் இரவு

ஒரு முறைக்குச் சில நூறு முட்டைகள் இருக்கும். முதலில் ஆரஞ்சு நிறமாக இருந்து நாளாக நாளாகக் கருக்கும். தந்தை மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஏழாம், எட்டாம் நாளில் முட்டைக்குள் கண்கள் வெள்ளிபோல் மின்னினால் அன்றிரவு பொரிக்கும். விளக்கணைந்து இருட்டிய ஓரிரு மணி நேரத்தில் இது நடக்கும். மாலையிலேயே அந்த ஓட்டை நீரைவிட்டு வெளியே எடுக்காமல் ஒரு பாத்திரத்தோடு மொண்டு, அதே தொட்டி நீர் நிரப்பிய குஞ்சுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். விசிறும் தந்தைக்குப் பதிலாக முட்டையருகே காற்றுக் குமிழ் ஓட வேண்டும். பொரித்ததும் அதை மிக மெல்லியதாகக் குறைத்துவிட வேண்டும். குஞ்சுகளை வலையால் அள்ளக்கூடாது.

குஞ்சுத் தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடி, நீரில் சிறிது பச்சைப்பாசி கலக்க வேண்டும். இதனால் வெளிச்சம் தணியும். ரோட்டிபரும் பட்டினி கிடக்காது. காலையும் மாலையும் ஒரு கண்ணாடிக் குழலில் நீரெடுத்து, பூதக்கண்ணாடியால் இரையை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த எண்ணிக்கையில் சோம்பல் கூடாது. ஆறாம் நாளளவில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை, ஓடுகளை நீக்கிவிட்டு, சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பத்தாம் நாளையொட்டி வெள்ளைப் பட்டை தெரியத் தொடங்கி, குஞ்சுகள் அடியில் தங்கும். அதன்பின் சாவு வெகுவாகக் குறையும். மின்தடை நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுக் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். நள்ளிரவில் மின்சாரம் போனால் பத்து நாள் பாடு விடிவதற்குள் வீணாகிவிடும்.

நான்கைந்து மாதத்தில் விற்கலாம். அதற்குள் பெரியதையும் சிறியதையும் பிரித்து வளர்க்காவிட்டால் துடுப்பு கிழிந்த மீன்களே மிஞ்சும். அவற்றைக் கடைக்காரர் வாங்கமாட்டார். அனுப்புவதற்கு முதல்நாள் தீனி போடக்கூடாது. இரட்டைப் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி பிராணவாயுவும் நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் தாழ்ந்த பின் அனுப்ப வேண்டும்.