முதலில் முப்பது பேருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ நல்ல ஸ்டுடியோவில் முழு ஆல்பம் பதிவு செய்யப் பணம் சேரும்வரை பொறுத்திருப்பதா, இல்லை, காந்தலூரில் கையில் இருக்கிற கிட்டாரையும் லேப்டாப்பையும் வைத்து மூன்று பாட்டை இப்போதே பதிந்துவிடுவதா என்று கேட்டிருக்கிறாய். பொறுத்திருக்காதே என்பதுதான் என் பதில். ஆனால் கரடுமுரடாக இருந்தால்தான் மெட்டல் என்று சொல்ல நான் வரவில்லை. அது பழைய கேசட்டுகளைச் சேகரித்து வைத்திருப்பவர்களின் சொகுசுப் பேச்சு. 1980களில் டெமோ டேப், அதாவது ஆல்பத்துக்கு முன் குழுக்கள் தாங்களே பதிந்த கேசட், யாருக்காகச் செய்யப்பட்டது, செய்தவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. அதைச் சிலர் விற்கவும் செய்தார்கள், உண்மைதான். ஆனால் அதன் முக்கியமான வேலை, முகவரி தெரிந்த சிலருக்குப் போய்ச் சேர்ந்து அவர்களிடமிருந்து பதில் வாங்கி வருவது. குழுக்களை வளர்த்தது அந்தப் பதில்தான் என்பது என் வாதம்.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது 1963இல். 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ, சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிந்து பிறகு கலந்துகொள்ள வழி செய்தது. அதை வாங்க வசதி இல்லாதவர்கள் ஒத்திகை நடக்கும் இடத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துப் பொத்தானை அழுத்தினார்கள். அட்டையை ஜெராக்ஸ் எடுத்தார்கள், கேசட்டை வீட்டிலேயே நகலெடுத்தார்கள், தபாலில் போட்டார்கள். பெற்றவர் தன்னிடம் இருந்த வேறொரு டேப்பைப் பதிலுக்கு அனுப்புவார். கூடவே ஒரு கடிதமும் மற்றக் குழுக்களின் துண்டுத்தாள்களும் வரும். வெளிநாட்டுத் தபால் செலவு கட்டுப்படியாகாமல், ஸ்டாம்பின் மேல் மெல்லிசாகப் பசையோ சோப்போ தடவி அனுப்பும் வழக்கம் இந்த டேப் பரிமாற்ற வட்டத்தில் பல நாடுகளில் இருந்தது. முத்திரை மை பசையின் மேல் படியும். பெற்றவர் தண்ணீரில் கழுவிவிட்டு அதே ஸ்டாம்பை மறுபடி ஒட்டலாம். அதனால் ஸ்டாம்புகளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் வரி ஒன்று அந்தக் கடிதங்களில் அடிக்கடி இருக்கும். தபால் துறையை ஏமாற்றும் வேலைதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் திருப்பி எழுதினால்தான் அந்த ஏமாற்றுக்கூடப் பலிக்கும் என்பதைப் பார். பதில் போடாதவனுக்கு அடுத்த டேப் வராது. அந்த உலகத்தின் ஏற்பாடு முழுவதும் பதிலை நம்பித்தான் நடந்தது.

நம் பக்கத்துக் கேசட் வரலாறு வேறு மாதிரி. தமிழ்நாட்டு ஊர்களின் ரெக்கார்டிங் சென்டர்களில் பட்டியல் எழுதிக் கொடுத்து, சொன்ன நாளில் போய்ப் பாட்டை வாங்கி வந்த தலைமுறை ஒன்று இருந்தது. கேட்பதில் அந்தத் தலைமுறைக்கு இருந்த ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே பாட்டு ஒரே திசையில்தான் போயிற்று: சினிமாவிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு. கேட்டவன் இசையமைப்பாளருக்குத் திருப்பிச் சொல்ல வழி இல்லை. டெமோ டேப்பில் கேட்பவனும் வாசிப்பவனும் பெரும்பாலும் ஒரே ஆள். அவனிடமும் ஒரு கிட்டார் இருக்கும், அரைகுறையாக ஒரு குழு இருக்கும். குறை சொல்லத் தெரிந்தவன்.

அந்தப் பதில் என்ன செய்தது என்பதற்கு நீ ஏற்கெனவே கேட்டிருக்கிற ஒன்றையே எடுத்துக்கொள். மெட்டாலிகா 1982 ஜூலையில் ‘நோ லைஃப் டில் லெதர்’ என்ற டெமோவை ஏழு பாட்டுகளோடு பதிந்தது. டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கே டேப் பரிமாறிக்கொள்ளும் வட்டத்தில் இருந்தவர். நகல் நகலாக அது அமெரிக்காவின் மறுகோடிக்குப் போய், நியூ ஜெர்சியில் சந்தைக்கடை ஒன்றில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த ஜான் ஸஸுலாவின் காதில் விழுந்தது. அவர் குழுவைக் கிழக்குக் கரைக்கு வரவழைத்தார். அவர்களுக்காகவே மெகாஃபோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1983 ஜூலையில் ‘கில் எம் ஆல்’ வெளியிட்டார். அதிர்ஷ்டக் கதையாக இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியம், டெமோவின் ஏழு பாட்டும் ஆல்பத்தில் இருக்கின்றன, ஆனால் அப்படியே இல்லை என்பது. டெமோவில் ‘தி மெக்கானிக்ஸ்’ என்று ஓடும் பாட்டு, ஆல்பத்தில் வேகம் குறைந்து, வரிகள் மாறி, நடுவில் புதிய பகுதி சேர்ந்து ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’ ஆகிவிட்டது. பாஸ் கிட்டாருக்கு கிளிஃப் பர்ட்டனும் முன்னணி கிட்டாருக்கு கிர்க் ஹாம்மெட்டும் வந்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். ஒரே வருஷத்தில் ஒரு குழு தன் பாட்டைத் தானே வெளியிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டது தெரியும். முதலில் வெளியே விட்டதால்தான் அது முடிந்தது.

இன்னும் பொருத்தமான உதாரணம் ஸ்விட்சர்லாந்தின் ஹெல்ஹேமர். ஸூரிச்சுக்கு அருகே நூரென்ஸ்டோர்ஃப் என்ற கிராமத்துப் பையன்கள். 1983இல் மட்டும் மூன்று டெமோ போட்டார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன; இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதுதான் பொதுத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் பாதி உண்மையும் இருந்தது. 1984இல் டாம் ஃபிஷரும் மார்ட்டின் எய்னும் ஹெல்ஹேமரைக் கலைத்துவிட்டு செல்டிக் ஃப்ராஸ்ட்டைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ‘மார்பிட் டேல்ஸ்’, 1985இல் ‘டு மெகா தெரியன்’. இரண்டு வருஷத்துக்குள் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்றால், வசை அவர்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று காட்டியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பல காலம் அந்த டெமோக்களிடமிருந்து விலகியே நின்ற ஃபிஷர், 2008இல் மூன்றையும் சேர்த்து ‘டீமன் என்ட்ரெயில்ஸ்’ என்று முறையாக வெளியிட்டார். அதற்குள் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் வாசிக்கிற பாதிப் பேருக்கு அவை பாடப்புத்தகமாகியிருந்தன.

தமிழர் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழுவில் பாடி, பாஸ் வாசிப்பவர் கதிர். 1994இல் ‘தி பாஸ்ட்’ என்ற டெமோ போட்டார்கள். 1996இல் குழு கலைந்தது. பிறகு மறுபடி கூடி 1998இல் முதல் ஆல்பம், 2001, 2003, 2005 என்று அடுத்தடுத்தவை. ‘வேத மெட்டல்’ என்று இன்று உலகம் சொல்கிற அடையாளம், சமஸ்கிருத மந்திரமும் வேதாந்தப் பொருளும் டெத் மெட்டலோடு சேர்ந்த அந்த வடிவம், இந்த ஆல்பங்களின் போக்கில்தான் உறுதிப்பட்டது. 2009இல் யூஜின் டைரியநாதன் என்ற ஆய்வாளர் வேத மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி ஆய்வுக்கட்டுரையே எழுதினார். கவனிக்க வேண்டியது அவர்களைச் சுற்றி இருந்த காதுகளை. அப்ஹாரர் என்ற சிங்கப்பூர்க் குழு 1989இலேயே டெமோ போட்டிருந்தது, இம்பயட்டி 1992இல் போட்டது. வானொலியில் வராத இசைக்கு அங்கே ‘பிக் ஓ’ என்ற பத்திரிகை 1985 முதல் இருந்தது. மந்திரத்தை மெட்டலில் வைத்தால் அது இசையாக நிற்கிறதா, வெறும் ஜோடனையா என்று சொல்லக்கூடிய ஆட்கள் அந்தச் சின்ன ஊரிலேயே இருந்தார்கள்.

இதை ஏன் உனக்கு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மண்ணின் இசையைக் கலந்தால்தான் தனித்துத் தெரிவோம் என்று எழுதியிருக்கிறாய். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜனின் கிட்டார் கர்நாடக இசையின் கமகத்தோடு பேசியது. கண்ணூரின் தி டவுன் ட்ராடென்ஸ் தெய்யத்தின் பக்கம் போனது. சரிதான். மறையூர், காந்தலூர்ப் பகுதியில் மலைப்புலையர் ஆட்டத்தின் உறுமியும் குழலும் இருக்கின்றன. ஆனால் அவை அந்த மக்களுடையவை. மறையூரும் காந்தலூரும் அடங்கிய அஞ்சுநாட்டில் பிறந்தவன் என்பதால் மட்டும் அந்தத் தாளத்தை நாலு நொடி வெட்டிப் பாட்டின் தொடக்கத்தில் ஒட்டுகிற உரிமை உனக்கு வந்துவிடாது. ஒட்டினாலும் கேட்கிறவனுக்கு அது சுற்றுலா விளம்பரம் போலத்தான் இருக்கும். வாசிப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் பாட்டைப் போட்டுக் காட்டி, எங்கே தாளம் இடறுகிறது என்று கேள். அவரும் நீ டேப் அனுப்ப வேண்டிய ஆட்களில் ஒருவர்.

இப்போது நீ சொல்லக்கூடிய மறுப்புகள். “அண்ணே, அது தபால் காலம். இன்றைக்கு யூடியூபில் போட்டால் உலகமே கேட்கும்” என்பாய். கேட்கலாம். ஆனால் யாரையும் குறிப்பிடாமல் வைத்த கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண் காட்டும். இரண்டாவது பாட்டின் மூன்றாம் நிமிடத்தில் டிரம் தடுமாறுவதை அந்த எண் சொல்லாது. ஓசூரில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கிள்ளானில் ஒருவர் என்று பெயர் தெரிந்த ஆளுக்கு எழுதி, அவருடைய இசையை முதலில் கேட்டு, அதைப் பற்றி நாலு வரி உண்மையாகச் சொல்லிவிட்டு உன்னுடையதை இணைத்துப் பார். பதில் வரும். எல்லாரிடமிருந்தும் வராது, வருகிறவரை வைத்துக்கொள்ளலாம். பழைய வட்டத்தில் டேப் கொடுத்தவனுக்குத்தான் டேப் கிடைத்தது என்பதை மறக்காதே. நீ மற்றவரைக் கேட்காமல் உன்னை மட்டும் கேட்கச் சொன்னால், அன்றும் கதவு திறந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஜெயித்தவர்களை மட்டும் எடுத்துக்காட்டி வாதம் செய்கிறேன், ஆயிரக்கணக்கான டெமோக்கள் பரணில் மக்கிப் போயின என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன். மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரத்து ரிபல்ஷன் குழுவையே பார்: 1986இல் பதிந்ததை எந்த நிறுவனமும் எடுக்கவில்லை, குழுவும் கலைந்தது. கார்கஸ் என்ற இன்னொரு குழுவினர் தங்கள் நெக்ரோசிஸ் என்ற வெளியீட்டு முத்திரையில் 1989இல் அதை ‘ஹாரிஃபைட்’ என்று வெளியிட்டார்கள். கிரைண்ட்கோர் வாசிப்பவர்கள் இன்றும் அதைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். ஆனால் வாசித்த நாளில் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. டெமோ போட்டால் புகழ் வரும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த பதிவை எப்படிச் செய்வது என்பதை அது கற்றுத் தரும் என்கிறேன். ஆல்பத்துக்காகக் காத்திருக்கிறவனுக்கு அந்தக் கல்வி கிடைப்பதில்லை. தன் வாழ்நாளின் முதல் தவறுகளை அவன் ஸ்டுடியோவில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டிச் செய்கிறான்.

ஒலித்தரம் பற்றியும் கேட்டிருக்கிறாய். கேசட்டை நகலின் நகலாக எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும், உச்ச ஒலிகள் மங்கும். சிம்பலின் பளபளப்பு முதலில் போகும், பிறகு கிட்டாரின் கூர்மை. நாலைந்து கை மாறிய பிறகும் எஞ்சுவது ரிஃபின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியின், அமைப்பும் தாளத்தின் நடையும்தான். அந்தக் காலத்து டெமோக்களில் நல்லவை இன்றும் காதில் நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: எத்தனை அழுக்கிலும் அடையாளம் தெரியும்படி ரிஃப் எழுதியிருந்தார்கள். உன் பாட்டையும் அப்படிச் சோதித்துப் பார். ஒரு போனில் போட்டு, எதிரே இன்னொரு போனில் பதிந்து, அதை மறுபடி பதிந்து கேள். அப்போதும் பாட்டு தெரிந்தால் ஸ்டுடியோவுக்குப் போகலாம். தெரியாவிட்டால் பிளக்-இன் வாங்கிப் பயனில்லை.

சின்ன வட்டத்துக்கும் ஒரு கேடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் நார்வேயின் பிளாக் மெட்டல் வட்டம் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்ளும் கூட்டமாகச் சுருங்கி, தேவாலயங்களுக்குத் தீ வைப்பதிலும் 1993இல் ஒரு கொலையிலும் போய் முடிந்தது. கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் பதிலுக்கு மதிப்பு இல்லை. அதனால் நீ பாட்டு அனுப்பப்போகிறவர்களின் பட்டியலில் மெட்டல் பிடிக்காத பத்துப் பேராவது இருக்கட்டும். தவில் வாசிக்கிறவர், சர்ச் கொயரில் பாடுகிறவர், உடுமலையில் மேடைக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கிற அண்ணன்.

பெங்களூரின் கிரிப்டோஸ் 1998இல் தொடங்கி, 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் வாசித்தது. பதினைந்து வருஷம். உன்னிடம் அவ்வளவு நேரம் இருக்கிறது. இந்த மழைக்காலம் முடிவதற்குள் மூன்று பாட்டையும் பதிந்து முப்பது பேருக்கு அனுப்பு, என் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொள். எது பிடிக்கவில்லை என்று விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்