விறாந்தையில் கூறப்படும் தீர்ப்பு

காலையில் பத்திரிகை வந்ததும் பல வீடுகளில் முதலில் வாசிக்கப்படுவது கொலை, கொள்ளை, வழக்குச் செய்திகளே. பொலிசார் ஒருவரைக் கைது செய்தனர் என்று நாலு வரி வந்தால் போதும். தேநீர் ஆறுமுன்னரே "இவன்தான் செய்திருப்பான்" என்ற தீர்ப்பு வீட்டு விறாந்தையில் கூறப்பட்டுவிடும். இன்று கைத்தொலைபேசியும் சேர்ந்துகொண்டதால், கைதானவரின் படத்துடன் அத்தீர்ப்பு மதியத்துக்குள் உறவினர் எல்லோரையும் எட்டிவிடுகிறது. பொழுதுபோக்காக நாம் கூறும் இத்தீர்ப்பு யாரைப் பாதிக்கிறது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

படம் காட்டும் கொலை

தமிழ்ப் படத்தில் கொலை நடக்கும்போது நாமும் அங்கே இருக்கிறோம். கத்தியைப் பிடித்த கை யாருடையது என்பதைக் கமெரா எமக்குக் காட்டிவிடுகிறது. பின்னர் கதாநாயகன் குற்றவாளிக் கூண்டில் நிற்பான். கடைசி நேரத்தில் ஒரு சாட்சி ஓடிவருவார். வில்லன் உண்மையைக் கக்குவான். இரண்டரை மணித்தியாலத்தில் நீதி கிடைத்துவிடும்.

உண்மையான நீதிமன்றத்தில் நீதிபதியும் யூரிமாரும் கொலையைக் கண்ணால் காணாதவர்கள். சாட்சிகள் சொல்வதை எடைபோட்டே அவர்கள் முடிவுக்கு வரவேண்டும். எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' போன்ற ஒருசில படங்களே, ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவிதமாகக் கூறுவதைக் காட்டி, சந்தேகம் எவ்வளவு எளிது, உண்மை எவ்வளவு அரிது என்று எம்மை எண்ண வைத்தன. மற்றப் படங்களைப் பார்த்துப் பழகிய நாம், பத்திரிகைச் செய்தியையும் கண்ணால் கண்டதுபோலவே நம்பிவிடுகிறோம்.

பம்பலப்பிட்டியில் நடந்தது

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டியில் சென் அல்பன்ஸ் பிளேஸ் வீடொன்றின் காராஜினுள் ஒரு தாய் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். அவருடைய கணவர் மகாதேவா சதாசிவம், 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கை கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் கைது செய்யப்பட்டார். மனைவி விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தார் என்பதும் கணவரின் உல்லாச வாழ்வும் ஊரறிந்த விடயங்கள். இவ்வளவும் போதாதா? கொழும்பு நகரம் தன் தீர்ப்பை உடனே கூறிவிட்டது.

அவ்வீட்டில் மாத்தறைப் பகுதியிலிருந்து வந்த இளவயது வேலைக்காரன் ஒருவன் இருந்தான். கொலைக்குத் தான் உதவியதாகவும் எஜமானரே கொன்றதாகவும் அவன் கூறினான். நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கப்பட்டு, அரச தரப்புச் சாட்சியாக நிறுத்தப்பட்டான்.

புதுக்கடையில் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நடைபெற்றது. எதிரிக்காக கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வழக்கின் முடிச்சு ஒரு கேள்வியில் இருந்தது: மரணம் எத்தனை மணிக்கு நேர்ந்தது? சதாசிவம் காலை 10.30 மணியளவில் வாடகைக் காரில் வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தார். அதன் பின்னரே மரணம் நேர்ந்திருந்தால் அவர் கொலையாளியாக இருக்க முடியாது. இதைப் பற்றி மருத்துவப் பேராசிரியர்கள் நாட்கணக்காகக் குறுக்கு விசாரணை செய்யப்பட்டனர். எடின்பரோவின் புகழ்பெற்ற சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித்தும் வந்து சாட்சியமளித்தார். 1953 யூன் 25ஆம் திகதி, சதாசிவம் குற்றவாளி அல்லர் என யூரிமார் ஏகமனதாகத் தீர்மானித்தனர். ஏறத்தாழ 20 மாதங்களை மறியலில் கழித்தபின் அவர் வீடு திரும்பினார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவர் விடுதலையானதும் ஊர்ப்பேச்சு வேலைக்காரன் மீது திரும்பியது. "அப்படியென்றால் அவன்தான்" என்றனர். ஆனால் கொலைக் குற்றத்துக்காக அவன் விசாரிக்கப்படவில்லை; அவனுக்காக வாதாட ஒருவரும் நிற்கவில்லை. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவுமில்லை. முடிவில்லாத கதையை எம்மால் பொறுக்க முடிவதில்லை. ஆகவே பணக்காரர் தப்பினால் ஏழையையாவது பிடித்துக் கதையை முடித்துவிடுகிறோம். நீதிமன்றமோ, "செய்தவர் யார்?" என்று கதை கேட்பதுபோல் கேட்பதில்லை. "இவர் மீது சுமத்தப்பட்ட குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா?" என்றே கேட்கிறது.

நீதிமன்றமும் தவறக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த வழக்கொன்றே சான்று. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். தமிழ்த்திரையின் முடிசூடா மன்னராயிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். வழக்கு பிரித்தானியாவின் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. மீண்டும் உயர்நீதிமன்றம் ஆராய்ந்து, 1947இல் இருவரையும் விடுவித்தது. கலைவாணர் திரும்பவும் சிரிக்க வைத்தார். பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலைக்கு உயரவேயில்லை.

சந்தேகம் எம் வாசலுக்கு வந்தபோது

படத்தில் பொலிஸ் அதிகாரி சந்தேக நபரை அடித்து உண்மையை வரவழைக்கும்போது கொட்டகையில் கைதட்டுகிறோம். ஆனால் பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே விதித்தது. அடிக்குப் பயந்தவன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை அன்றே அறிந்திருந்தனர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்பாதுகாப்பைத் தளர்த்தி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை ஏற்க இடமளித்தது. அதன் விலையை எத்தனை தமிழ்க் குடும்பங்கள் செலுத்தின என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர், கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணமில்லை எனக் கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி எனக் கருதப்பட வேண்டும் என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆம் உறுப்புரையில் கூறுகிறது. எம்மவர் பிடிபட்டபோது இந்தப் பாதுகாப்பையே நாம் வேண்டி நின்றோம். அடுத்த ஒழுங்கையில் ஒரு பையன் போதைப்பொருள் வழக்கில் கைதானால், அவனுக்கு அதைக் கொடுக்க மறுக்கிறோமே, இது எவ்வகையில் நியாயம்? அவன் தாய் கடைக்கு வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். அவன் தங்கையின் கலியாணப் பேச்சும் குழம்பிவிடுகிறது. விடுதலையாகி வந்தாலும் வேலை கொடுக்கத் தயங்குகிறோம்.

குற்றத்தை மூடிமறைக்க வேண்டும் என்பது இதன் பொருளல்ல. கண்டதைக் கண்டபடி சொல்ல அழைக்கப்பட்டால், அஞ்சாமல் சென்று சொல்வது எமது கடமை. பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதும் உண்மைச் சாட்சியத்தாலேயே. ஆனால் காணாததைக் கண்டதுபோல் பரப்புவதும் பொய்ச்சாட்சியே. அதை விலக்கும் எட்டாம் கட்டளை சாட்சிக் கூண்டுக்கு மட்டுமன்றி விறாந்தைக்கும் உரியது.

ஆகவே பெற்றோர் பிள்ளைகள் முன்னிலையில் "கொலைகாரன்", "கள்ளன்" என்பதற்குப் பதிலாக "சந்தேகத்தின் பேரில் கைதானவர்" என்று சொல்லிப் பழகட்டும். கைதானவரின் படம் கைத்தொலைபேசியில் வந்தால் அது அங்கேயே நிற்கட்டும். கைதான செய்தியை ஊருக்குச் சொன்னவர்கள், விடுதலையான செய்தியையும் அதேயளவு உரக்கச் சொல்லட்டும். மறியலில் இருப்பவரின் வீட்டுக்கு ஒருமுறை சென்று, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவருவோம். அதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குடும்பமாகக் கலந்துரையாட:

1. அண்மையில் நாம் பார்த்த படத்தில் குற்றவாளி எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டார்? அது நீதிமன்றத்தில் நிரூபணமாகுமா?

2. சதாசிவம் வழக்கில் ஊர் கூறிய இரு தீர்ப்புகள் எவை? ஒவ்வொன்றும் யாருக்குத் தீங்கு செய்தது?

3. எமது ஒழுங்கையில் வழக்கினால் ஒதுக்கப்பட்ட குடும்பம் எது? அவர்களுக்காக இவ்வாரம் என்ன செய்யலாம்?