வாயில் மாறாத திட்டும் ஒளிச் சிகிச்சையும்



சென்ற மாதம் நடுவட்டம் லைன் வீடுகளுக்கு உதவிப் பொருள் கொண்டுபோனபோது, ஒரு பெரியம்மா தம் கன்னத்தின் உட்புறத்தைக் காட்டினார். வெற்றிலை அதக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. "சுண்ணாம்பு சுட்டது தம்பி" என்றார். எப்போதிருந்து என்று கேட்டோம். "போன நோன்புக்கு முன்னாலேயே" என்றார். சுண்ணாம்பு சுட்ட புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இது அதுவல்ல. அவரைப் போன்றவர்களுக்காகவே இந்தப் பாடம்.

எது கவனிக்க வேண்டிய திட்டு?

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டை மருத்துவர்கள் லுக்கோபிளேக்கியா என்பார்கள். அது புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்குப் பின்னாளில் அதிலிருந்து புற்றுநோய் தொடங்குகிறது. சிவந்த திட்டானால் ஆபத்து அதிகம். வாய் முன்போல் அகலத் திறக்காததும், காரம் பட்டால் எரிவதும் பாக்கு செய்யும் கேடுகள். "குளிருக்கு இதமாக வெறும் வெற்றிலை பாக்குதான், புகையிலை இல்லை" என்று நம்மில் பலர் சொல்கிறோம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது.

ஒளிச் சிகிச்சை என்றால் என்ன?

கத்திக்குப் பயந்து திட்டை மறைப்பவர்கள் இதை அறிய வேண்டும். ஒரு மருந்தைத் திட்டின் மேல் தடவுவார்கள், அல்லது குடிக்கக் கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் அது கெட்ட செல்களில் அதிகமாகச் சேரும். பிறகு அவ்விடத்தில் சிவப்பு ஒளி பாய்ச்சுவார்கள். மருந்து, ஒளி, உடலிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் செல் அழியும். அதனால் சுற்றியுள்ள நல்ல சதைக்குச் சேதம் குறைவு.

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், அமெரிக்காவின் பாஸ்டன் நகர விஞ்ஞானி தய்யபா ஹசன் குழுவினருடன் சேர்ந்து, ஆரம்பநிலை வாய்ப்புற்று உள்ள 30 பேருக்கு இதைச் செய்தார்கள். விலையுயர்ந்த லேசர் இல்லை. பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்குதான். ஏழை ஊர்களுக்கும் சிகிச்சை எட்ட வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் ஒளி சில மில்லிமீட்டர் ஆழமே இறங்கும். ஆழமாகப் போய்விட்ட கட்டிக்கு இது போதாது. எல்லா மருத்துவமனையிலும் இது கிடைக்காது. சதைத் துணுக்கைப் பரிசோதித்த பிறகு மருத்துவரே முடிவு செய்வார். மருந்து குடித்தவர் ஓரிரு நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். மெல்லும் பழக்கத்தை விடாவிட்டால் திட்டு திரும்பவும் வரலாம்.

நாம் செய்ய வேண்டியது

திருவனந்தபுரத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. பார்த்ததுதான் அங்கே உயிர்களைக் காத்தது.

நாமும் ஒளுச் செய்யும்போது தினமும் ஐந்து வேளை வாய் கொப்பளிக்கிறோம். மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று கன்னம், ஈறு, நாக்கின் அடி எல்லாம் பார்ப்போம். இரண்டு வாரத்தில் மாறாத எதையும் கூடலூர் அல்லது ஊட்டி அரசு மருத்துவமனையில் காட்டுவோம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள்; உடன் வருகிறோம்.

அந்தப் பெரியம்மாவை ஊட்டிக்கு அழைத்துப் போனோம். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அவருக்காக துஆ செய்யுங்கள்.