பாரிஸ்டரை நேரடியாக அமர்த்தலாமா?

தீபகற்ப மலேசியாவில் மனுவைத் தயாரிப்பவரும் நீதிமன்றத்தில் வாதாடுபவரும் ஒரே வழக்கறிஞராக இருக்கலாம். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் இத்தொழிலைப் பிரிக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் நிலைமை வேறு. அங்கே கட்சிக்காரரைச் சந்தித்து வழக்கை நடத்துபவர் சொலிசிட்டர். வாதாடுவதும் சட்டக் கருத்து வழங்குவதும் பாரிஸ்டரின் வேலை. நெடுங்காலமாகப் பொதுமக்கள் சொலிசிட்டர் வழியாகவே பாரிஸ்டரை அணுகினர். 2004இல்தான் அவர்களுக்கு நேர்வழி திறந்தது. அதற்குரிய விதிகளில் முக்கியமான நான்கைக் காண்போம்.

1. தகுதி: பாரிஸ்டர் முழுத் தொழில் உரிமம் பெற்று, தனிப்பயிற்சி முடித்து, இப்பணிக்கெனப் பதிந்திருக்க வேண்டும். மூன்றாண்டு அனுபவம் நிரம்பாதவர் என்றால், வழிகாட்டத் தகுதியுள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

2. கட்சிக்காரர் நலன்: சொலிசிட்டர் இல்லாமல் நடத்துவது கட்சிக்காரருக்குப் பாதகமாகும் என்றால் பாரிஸ்டர் வழக்கை ஏற்கக்கூடாது. அரசாங்கச் சட்ட உதவி பெற வாய்ப்பிருந்தால் அதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். நேர்வழியில் வந்தால் அவ்வுதவி கிடைக்காது.

3. எல்லை: கட்சிக்காரரின் பணத்தைப் பாரிஸ்டர் வைத்திருக்கக்கூடாது. தனி அனுமதி இல்லாவிட்டால், நீதிமன்றத்தில் வழக்கைப் பதிவது போன்ற வேலைகளைக் கட்சிக்காரரே செய்ய வேண்டும். பாரிஸ்டர் ஆவணத்தை எழுதித் தரலாம்.

4. கடிதம்: செய்யும் வேலை, செய்யாத வேலை, கட்டணம், புகார் செய்யும் வழி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதித் தர வேண்டும்.

நான்காம் விதியைப் படித்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்த அவர், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வந்தார். சில வாரங்களில் நான்கு பக்க ஆங்கிலக் கடிதம் வந்தது. தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்பில் இருந்த என்னிடம், "என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. சொல்ல வெட்கப்பட்டு, "ஒன்னுமில்லப்பா, அவங்களே பாத்துக்குவாங்களாம்" என்றேன். மருத்துவமனை அறிக்கையை நாங்கள்தான் வாங்கித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்பது மாதங்கள் வீணான பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

அலுவலகம் எழுதத்தான் செய்தது. ஆனால் படிப்பவருக்கு விளங்கியதா என்று யாரும் கேட்கவில்லை. பொய் சொன்ன குற்றம் என்னுடையது.

இடையில் ஒருவரை நீக்கினால் செலவு குறையலாம். அவர் செய்துவந்த வேலை நீங்கிவிடாது. அது யார் தலையில் விழுகிறது என்பதைக் கட்சிக்காரர் அறிந்திருக்க வேண்டும். சட்டம் பயிலும் நண்பர்களே, நாளை நாமும் கடிதம் எழுதுவோம். தமிழ் மட்டுமே அறிந்த கட்சிக்காரருக்கு அதைத் தமிழிலும் சொல்லி, விளங்கியதா என்று கேட்போம்.