நிரற்சோதனையும் வரவு இடாப்பும்

கல்லூரியில் நாம் பயின்ற காலத்திற் காலை மணி அடித்து ஓய்ந்ததும் வகுப்பாசிரியர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவனுக்கு ஒரு கோடு. வராதவனுக்கு ஒரு வட்டம். யார் கற்றான், யார் கற்றிலன் என்பதை அந்த இடாப்புக் கூறாது. யார் வகுப்பினுள் இருந்தான் என்பதை மாத்திரமே கூறும். ஆயினும் இடாப்பில்லாத பாடசாலையை நாம் கண்டதில்லை. கணினி நிரல்களுக்கும் இத்தகைய இடாப்பொன்று உண்டு. அதனைக் ‘கோட் கவரேஜ்’ என்பர். தமிழில் வேறு சொல் ஆக்கலாமெனினும், வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லாதலின் ஈண்டும் கவரேஜ் என்றே எழுதுவோம். சோதனைகளை ஓட்டும்பொழுது நிரலின் எவ்வெவ் வரிகள் ஓடின, எவை ஓடாது கிடந்தன என்று வரி வரியாகக் குறித்துத் தருவதே அதன் தொழில். அதனை ஒரு மென்பொருளுக்கு அமைக்கும் முறையினை, எமக்கு நேர்ந்த தவறொன்றை முன்னிட்டு எழுதத் துணிந்தோம்.

பழைய மாணவர் சிலர் கூடி வறிய மாணாக்கருக்கு ஆண்டுதோறும் உதவிப்பணம் வழங்கி வருகின்றோம். மூன்று தவணைப் பரீட்சைகளின் சராசரி 60 புள்ளிக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது விதி. நோயினால் ஒரு பரீட்சைக்குச் சமுகமளிக்காதவன் வைத்தியச் சான்றிதழ் காட்டுவானாயின், எஞ்சிய பரீட்சைகளின் சராசரியே கொள்ளப்படும். இக்கணக்கைச் செய்தற்குப் பைதன் மொழியில் ஒரு நிரலை யாமே எழுதினோம். அதற்குச் சோதனைகளும் எழுதினோம். அவை யாவும் சித்தியடைந்தன. பட்டியல் வெளிவந்த பின்னர் ஒரு தாயார் தம் மகனுடைய புள்ளியறிக்கையைக் கையிற் கொண்டு வந்தார். முதலாந் தவணை 72. இரண்டாந் தவணை 68. மூன்றாந் தவணையில் டெங்குக் காய்ச்சல். சான்றிதழும் இருந்தது. சராசரி 70 ஆதல் வேண்டும். நிரலோ 46.7 எனக் கணித்து அவனை விலக்கிவிட்டது. கூட்டுத்தொகையாகிய 140ஐ இரண்டால் வகுக்க வேண்டிய இடத்தும் மூன்றால் வகுக்குமாறு யாம் எழுதிவைத்ததே காரணம்.

எம் சோதனைகளில் வந்த கற்பனை மாணாக்கர் அனைவரும் நல்ல சுகத்தோடு மூன்று பரீட்சைகளுக்கும் வந்தவர்கள்! நோயுற்றவனுக்கென எழுதிய வரிகள் ஒருமுறையேனும் சோதனையில் ஓடவில்லை. அதனை எமக்கு எடுத்துச் சொல்லவும் ஒன்றுமில்லை. இடாப்பு வைத்திருந்தோமாயின் அந்த வட்டங்கள் கண்ணிற் பட்டிருக்கும்.

இக்கருத்துப் புதியதன்று. ஜோன் மில்லர், கிளிபோர்ட் மலோனி என்னும் இருவர் 1963ஆம் ஆண்டிலேயே, நிரலின் பாதைகளை முறையாகத் தேடிச் சோதித்தல் பற்றிக் கட்டுரை எழுதியுள்ளனர். விமானங்களிற் பொருத்தும் மென்பொருளுக்கு இஃது ஒரு நியதியாகவே ஆயிற்று. 1992இல் வெளிவந்த டிஓ-178பி என்னும் விதிநூலும், 2011இல் அதன் வழிவந்த 178சியும், பிழைத்தாற் பேரழிவு விளையக்கூடிய நிரலில் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே முடிவை மாற்றவல்லது என்பதனைச் சோதனையாற் காட்டுமாறு விதிக்கின்றன. அதற்கடுத்த நிலைக்குத் தீர்மானங்களின் இரு பக்கமும், அதற்கும் கீழ்நிலைக்குக் கூற்றுகள் யாவும் ஓடியிருத்தல் போதும். எஸ்கியூலைற் என்னும் தரவுத்தளத்தை ஆக்கியோர் எவரும் வற்புறுத்தாமலே அம்முதல்நிலை அளவைத் தம் மூலநிரலுக்குக் காத்து வருகின்றனர்.

இனி அமைக்கும் முறைக்கு வருவோம். பைதன் மொழிக்கு வழங்கும் கருவி ‘கவரேஜ் பை’ என்பது. நெட் பாச்செல்டர் என்பவர் நெடுங்காலமாகப் பேணிவருவது, இலவசமாகக் கிடைப்பது. ‘பிப்’ வாயிலாக அதனை நிறுவியபின், வழக்கமாகப் ‘பைரெஸ்ற்’ கொண்டு ஓட்டும் சோதனைகளை ‘கவரேஜ் ரன்’ என்னும் கட்டளையின் கீழ் ஓட்டுதல் வேண்டும். நிரலின் ஒவ்வொரு வரியும் ஓடுகையில் மொழியின் இயக்கி கருவிக்கு அறிவிக்கின்றது. கருவி அதனை ஒரு தரவுக் கோப்பிற் பதிகின்றது. பின்னர் ‘கவரேஜ் ரிப்போர்ட்’ என்னும் கட்டளை, கோப்புவாரியாகக் கூற்றுகளின் தொகையையும் ஓடாதவற்றின் தொகையையும் வீதத்தையும் அட்டவணையாகத் தரும். ஓடாத வரிகளின் எண்களையும் கேட்டுப் பெறலாம். ‘கவரேஜ் எச்ரிஎம்எல்’ என்னும் கட்டளையோ நிரலையே பக்கம் பக்கமாகக் காட்டி, ஓடாத வரியைச் சிவப்பாலும் அரைகுறையாக ஓடியதை மஞ்சளாலும் நிறந்தீட்டித் தரும். தொடக்கக்காரர் இப்பக்கங்களையே பார்த்தல் நன்று. வீதம் என்னும் ஒற்றை எண் எதனையும் கற்பிப்பதில்லை. சிவந்த வரி கற்பிக்கும்.

ஈண்டு மூன்று விடயங்களிற் கவனம் வேண்டும். இவற்றுள் முதலாவதை யாமும் அறியாதே தொடங்கினோம். கருவிக்கு எந்தக் கோப்புறையை அளக்க வேண்டுமெனச் சொல்லாவிடின், சோதனையின்போது அழைக்கப்பட்ட கோப்புகளை மாத்திரமே அது கணக்கிற் சேர்க்கும். எந்தச் சோதனையும் தொடாத கோப்பு அறிக்கையில் வரவே மாட்டாது. பெயரே இடாப்பில் இல்லாதவனுக்கு வட்டம் போடுவது எங்ஙனம்? ஆதலின் அமைப்புக் கோப்பில் ‘சோர்ஸ்’ என்னும் இடத்தில் மூலநிரற் கோப்புறையைக் குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறித்தபின் தொடப்படாத கோப்புகள் சுழியத்தோடு அட்டவணையில் வந்து நிற்கும். முதல்நாள் வீதம் சரேலென விழுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. முன்னிருந்த எண்ணே பொய்.

இரண்டாவது, கிளைகளை அளத்தல். எம் நிரலில் தந்தையை இழந்த மாணாக்கனுக்கு ஐந்து புள்ளி கூட்டும் ஒரு நிபந்தனை உண்டு. அதற்கு ‘இன்றேல்’ என்னும் பகுதி கிடையாது. அத்தகைய மாணாக்கன் ஒருவனை வைத்தே சோதித்தால் நிபந்தனை வரியும் ஓடும், அதனுள்ளிருக்கும் வரியும் ஓடும், எல்லாம் பச்சை. நிபந்தனை பொய்யாகி நிரல் அவ்வரியைத் தாண்டிச் செல்லும் வழியோ சோதிக்கப்படவில்லை. ‘பிராஞ்ச்’ என்னும் அமைப்பை இயக்கினால் அவ்வரி மஞ்சளாகும். வீதமும் மாறும். கூற்றுகள் இருபதில் பதினாறு ஓடின எனக் கொள்வோம். வரிக்கணக்கில் அது 80 வீதம். நிபந்தனைகளிலிருந்து பிரியும் கிளைகள் எட்டில் நான்கே நடக்கப்பட்டிருப்பின், இக்கருவி இரண்டையுங் கூட்டி 28க்கு 20 எனக் கொண்டு 71 வீதம் என்று கூறும். கிளையளவையைத் தொடக்கத்திலேயே இயக்கிவிடல் நன்றென்பது எம் கருத்து. பிற்பட இயக்குவோருக்கு எண் குறைவதைக் காண மனம் வருவதில்லை.

மூன்றாவது, சோதனைக் கோப்புகளையே அளவிற் சேர்ப்பதா என்பது. சேர்த்தால் வீதம் உயர்ந்து தோன்றும் எனச் சிலர் மறுப்பர், மறுப்பும் நியாயமே. ஆயினும் ஒரு பயன் உண்டு. பைதனில் ஒரே கோப்பில் ஒரே பெயரிட்ட இரு சோதனைகள் இருப்பின் பிந்தியது முந்தியதை மறைத்துவிடும். முந்தியது ஓடுவதேயில்லை, முறைப்பாடும் செய்வதில்லை. சோதனைக் கோப்பையும் அளந்தால் அது சிவந்து காட்டிக்கொடுக்கும். ஒரே பெயருடைய இருவர் படித்த வகுப்பில் ஆசிரியர் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இது விளங்கும்.

சீ மொழியில் எழுதுவோர்க்கு ஜீசீசீ தொகுப்பானுடனேயே ‘ஜீகொவ்’ என்னும் கருவி வருகின்றது. ‘கவரேஜ்’ என்னும் தெரிவுடன் தொகுத்தால் நிரலின் அமைப்பைக் கூறும் கோப்பொன்று உண்டாகும்; நிரல் ஓடி முடிகையில் எண்ணிக்கைகளைக் கூறும் இன்னொரு கோப்பு எழுதப்படும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஜீகொவ், ஓடாத வரிக்கு எதிரே ஐந்து சதுரக் குறிகளை இட்டுத் தரும். ‘எல்கொவ்’ அவற்றைத் திரட்டிப் பக்கங்களாக்கும். எண்ணிக்கைகள் ஓட்டந்தோறும் கூடிக்கொண்டே போகுமாதலின், புதிய கணக்கெடுக்கு முன் பழையதை அழித்தல் அவசியம். தொகுப்பானின் விரைவாக்கமும் வரிகளைக் கலைத்துவிடும். அதனை நிறுத்திவைத்தே அளக்க வேண்டும். யாவா மொழிக்கு ‘ஜாகோகோ’ உண்டு. மூலத்தைத் தொடாது, ஓடுநேரத்தில் இடைமொழிக் கட்டளைகளிடையே அடையாளங்களைப் புகுத்துவது அதன் முறை.

ஓடாத வரியின் கேடு எத்தகையது என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 2014 பெப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் சார்பொன்றில் ‘வெளியே பாய்க’ என்னும் வரி தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதலாவது நிபந்தனைக்குட்பட்டது, இரண்டாவதற்கு நிபந்தனையில்லை. ஆகவே அதன் பின்னிருந்த கையொப்பச் சரிபார்ப்பு எக்காலத்தும் ஓடவில்லை; போலியான கையொப்பமும் உண்மையெனக் கொள்ளப்பட்டது. அச்சார்பைத் தொடும் சோதனை ஒன்றேனும் இருந்து அறிக்கையும் பார்க்கப்பட்டிருக்குமாயின், பாதுகாப்பின் உயிர்நிலையான அவ்வரி சிவந்து நின்றிருக்கும்.

அறிக்கையை யாரேனும் நினைத்தபொழுது எடுத்துப் பார்ப்பதென்றால் எவரும் பார்க்கமாட்டார். நிரல் மாற்றம் களஞ்சியத்தை அடையுந்தோறும் சோதனைகளைத் தானே ஓட்டும் ஒருங்கிணைப்புச் சேவையில் இதனையும் சேர்த்தல் வேண்டும். பல பொறிகளிற் பிரித்து ஓட்டுவோர் ‘கவரேஜ் கம்பைன்’ கட்டளையாற் பதிவுகளை ஒன்றாக்கிய பின்னரே அறிக்கை எடுக்க வேண்டும். இன்றேல் ஒரு பொறியின் கணக்கே முழுக்கணக்காகத் தோன்றும். ‘பெயில் அண்டர்’ என்னும் எல்லையைக் குறித்தால், வீதம் அதற்குக் கீழே போகும்போது கட்டளை தோல்வி காட்டி மாற்றத்தை நிறுத்தும். அவ்வெல்லையை எவ்வளவு வைப்பது? பழைய நிரலுக்கு எடுத்த எடுப்பில் நூறு என வைத்தல் வீண். இன்றுள்ள வீதத்தையே எல்லையாக்கி, ஏற ஏற அதனையும் ஏற்றுவோம்; இறங்க விடோம்.

எல்லை வைத்ததும் அதனைத் தாண்டும் குறுக்குவழியும் தோன்றும். சார்பை அழைத்துவிட்டு, விடை சரியா எனப் பாராத சோதனைகளை எழுதினால் வரிகள் ஓடும்; வீதம் ஏறும்; ஒன்றும் சோதிக்கப்படாது. வகுப்பில் உறங்கியவனும் இடாப்பில் வந்தவனே அன்றோ? இனோசெம்ட்சேவா, ஹோம்ஸ் என்னும் ஆய்வாளர் 2014இல் ஐந்து பெரிய யாவா நிரல்களை ஆராய்ந்து, சோதனைகளின் தொகையை ஒரே அளவாகக் கொண்டு பார்க்குமிடத்து, கவரேஜுக்கும் தவறு கண்டுபிடிக்கும் வன்மைக்கும் உள்ள தொடர்பு உறுதியானதன்று எனக் காட்டினர். உறங்குவோரைக் கண்டறிய வேறொரு முறை உண்டு: நிரலில் வேண்டுமென்றே சிறு பிழையைப் புகுத்தி, சோதனைகள் கூக்குரலிடுகின்றனவா எனப் பார்த்தல். டிமிலோ, லிப்ரன், சேவார்ட் ஆகியோர் 1978இல் இதனை விளக்கினர். எம் நிரலில் ‘60 அல்லது அதற்கு மேல்’ என்பதை ‘60க்கு மேல்’ என மாற்றிப் பார்த்தோம். சோதனைகள் யாவும் முன்போலவே சித்தியடைந்தன! சரியாக 60 பெற்ற மாணாக்கன் எம் கற்பனை வகுப்பில் ஒருவனுமிலன். அவனை உடனே சேர்த்தோம்.

நோயுற்ற மாணாக்கனுக்குச் சோதனை எழுதியதும் அது 70 எதிர்பார்த்து 46.7 கண்டு தோற்றது. வகுக்கும் எண்ணைத் திருத்தினோம். வரிகள் யாவும் பச்சையாயின. அன்றிரவே எம்முள் ஒருவர், மூன்று பரீட்சைக்கும் சான்றிதழோடு வராதவன் என்னாவான் என வினவினார். சுழியத்தால் வகுக்க முயன்று நிரல் விழுந்தது. நூறு வீதப் பச்சையின் கீழ் அவ்விழுகை ஒளிந்திருந்தது.

அத்தாயாரின் மகனுக்குரிய பணம் அடுத்த தவணையில் நிலுவையோடு கொடுக்கப்பட்டது. மூன்றுக்கும் வராதவனைப் பற்றி யாது செய்வதெனச் செயற்குழு இன்னுந் தீர்மானிக்கவில்லை. அதுவரை அத்தகையவனை விலக்காது, ‘கையாற் பார்க்கவும்’ என்னும் செய்தியைக் காட்டி நிரல் நிற்கும். அந்தச் செய்தி வரிக்கும் ஒரு சோதனை எழுதியுள்ளோம்.