கோடியக்கரைக்கு வரும் வலசைப் பறவைகளைப் பார்க்க 9 குறிப்புகள்

1967-ல் சரணாலயமாகி, 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் வடநாடுகளிலிருந்து பறவைகள் வந்து சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

1. வாசல் மின்கம்பியில் பிளவுபட்ட வாலுடன் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்தால், வலசைக் காலம் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்குத் திட்டமிடுங்கள்.

2. முதலில் கொசு உள்ளானை நன்றாகப் பார்த்துப் பழகுங்கள். உலகிலேயே மிக அருகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளான் முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது. உருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அலகு நுனியின் வித்தியாசம் பழகிய கண்ணுக்கே பிடிபடும்.

3. காலையில் கிழக்கையும் மாலையில் மேற்கையும் முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

4. நீர் வடிந்து சேறு தெரியும் ஓரங்களில் உள்ளான்களைத் தேடுங்கள். கனமழையில் நீர் ஆழமாகிவிட்டால் அவை வேறிடம் போய்விடும். உள்ளே செல்லுமுன் வனத்துறையிடம் அனுமதியும் வழியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். மழைக்காலத்தில் அதன் கண்ணாடியில் பூஞ்சை படியாமலிருக்க, ஈரத்தைத் துடைத்து உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

6. மேய்கிற கூட்டம் தலைதூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை ஒவ்வொரு வீண் பறப்பும் கரைக்கிறது. படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடவே கூடாது.

7. காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால், எழுத்தும் எண்ணும் விளங்கும்படி படமெடுத்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே வளையமிட்டு வருகிறார்கள்.

8. வலசையில் களைத்த ஆறுமணிக் குருவி வீட்டுக்குள் விழுந்தால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் பூனை நடமாட்டமில்லாத புதரோரம் விட்டுவிடுங்கள். காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

9. கோடியக்கரை தூரமென்றால் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளுக்குப் போகலாம். எங்கே பார்த்தாலும் தேதி, இடம், எண்ணிக்கையைக் குறித்து இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். ஏரியையும் சேற்றுநிலத்தையும் காப்பாற்றப் பேசுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு கைகொடுக்கும்.